மிகப் பெரிய பறக்கும் ஊர்வன எவ்வளவு பெரியவை? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மிகப் பெரிய பறக்கும் ஊர்வனவின் இறக்கை விரிவு ஒரு இடத்தில் 10 மீட்டர் என்று போட்டிருக்கும், இன்னொரு இடத்தில் 12, பழைய புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் 15.5 என்று இருக்கும். எல்லாம் ஒரே பிராணியைப் பற்றித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த எலும்பு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் முடிந்தவரை எலும்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் இதைச் சொல்லுங்கள், இவை டைனோசர்தானே?

இல்லை. இந்தப் பறக்கும் ஊர்வனவற்றின் பெயர் டெரோசார்கள், இவை தனிக் கூட்டம். டைனோசர்களுக்கு நெருங்கிய உறவு, அவ்வளவுதான். இன்றைய பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை, டெரோசார் வழியில் வந்தவை அல்ல. டெரோசார் வம்சம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாரிசே இல்லாமல் முடிந்துபோனது. அளவைக் கணக்கிடுவது இவ்வளவு சிரமமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்று உயிரோடு இருக்கும் நேரடிச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

சரி, எதுதான் மிகப் பெரியது?

மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் கிடைத்த கெட்சல்கோட்லஸ் நார்த்ரோப்பி, ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியில் கிடைத்த ஹாட்செகோப்டெரிக்ஸ், ஜோர்டானில் கிடைத்த அராம்பூர்கியானியா. மூன்றும் அஷ்டார்கிட் என்ற ஒரே குடும்பம், மூன்றும் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்தவை. இறக்கை விரிவு 10 முதல் 11 மீட்டர் என்று சொன்னால் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை முனைக்கு முனை சுமார் 11 மீட்டர், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் என் பதில்: தெரியாது என்பதைவிட, அந்தக் கேள்விக்கு இப்போதைய எலும்புகளால் பதில் சொல்ல முடியாது. மூன்றிலும் கிடைத்த பாகங்கள் வேறு வேறு. ஒன்றில் கை, ஒன்றில் பெரும்பாலும் மண்டையோட்டுத் துண்டுகள், ஒன்றில் நெடுங்காலம் கழுத்து மட்டும். இவற்றை வரிசையில் நிறுத்தி உயரம் பார்க்கவே முடியாது.

'இறக்கை விரிவு' என்று எதை அளக்கிறார்கள்?

ஒரு இறக்கை முனையிலிருந்து மறு இறக்கை முனை வரை. டெரோசாரின் இறக்கை பறவையின் இறக்கை மாதிரி இறகால் ஆனது இல்லை, தோலும் தசை நாரும் கலந்த ஒரு சவ்வு. வௌவாலுக்கு அந்தச் சவ்வைப் பல விரல்கள் தாங்குகின்றன. டெரோசாருக்கு ஒரே விரல், நான்காவது விரல், அதுதான் அசாத்தியமாக நீண்டு சவ்வின் முன் ஓரத்தை முனை வரை தாங்குகிறது. மற்ற மூன்று விரல்கள் சின்னதாக, நகத்தோடு, நடுவழியில் நின்றுவிடும்.

ஆகவே மேற்கை எலும்பு, முன்கை எலும்பு, மணிக்கட்டு, உள்ளங்கை எலும்பு, விரலின் நான்கு கணுக்கள் எல்லாவற்றையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நடுவில் மார்பின் அகலத்தைச் சேர்த்தால் விரிவு வந்துவிடும். கேட்க எளிது. ஆனால் பறக்கும்போது எந்தப் பிராணியும் கையை அளவுகோல் மாதிரி நேராக நீட்டிக்கொண்டு பறக்காது, முழங்கையிலும் மணிக்கட்டிலும் மடிப்பு இருக்கும். அந்த மடிப்பைக் கழித்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்தே எண் கொஞ்சம் மாறிவிடும். அப்புறம் முக்கியமான விஷயம், இப்படிக் கூட்டுவதற்கு எல்லா எலும்பும் கையில் இருக்க வேண்டும். பெரிய டெரோசார் ஒன்றில்கூட அப்படி இல்லை.

கெட்சல்கோட்லஸில் எவ்வளவுதான் கிடைத்தது?

1971-ல் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், பாறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பு ஒன்றைப் பார்த்தார். அவரும் அவருடைய பேராசிரியர் வான் லாங்ஸ்டனும் தோண்டி எடுத்ததில் இடது இறக்கையின் பாகங்கள் தேறின. மண்டை இல்லை, கழுத்து இல்லை, உடம்பு இல்லை, கால் இல்லை. அந்த ஒரு இறக்கையும் முழுசாக இல்லை. அதில் நன்றாகத் தப்பித்தது மேற்கை எலும்பு, நீளம் 54.4 சென்டிமீட்டர்.

லாசன் 1975-ல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். ஆஸ்டெக் மக்களின் இறகு முளைத்த பாம்புக் கடவுளான கெட்சல்கோட்லின் பெயரையும், வால் இல்லாத விமானங்களை வடிவமைத்த ஜான் நார்த்ரோப்பின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

நீங்கள் படங்களில் பார்க்கும் முழு உருவம், அந்த நீளக் கழுத்து, ஈட்டி மாதிரி அலகு, இவையெல்லாம் இந்த எலும்புகளிலிருந்து வந்தவை அல்ல. முதல் இடத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இதே போன்ற சின்ன டெரோசார்களின் எலும்புகள் நிறையக் கிடைத்தன. சின்னது என்றால் இறக்கை விரிவு 4.5 மீட்டர் அளவு, அதுவே இன்றைய எந்தப் பறவையையும் விடப் பெரியது. அதுவும் வேறு இனம்தான் என்று பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2021-ல்தான் முறையாக அறிவித்து, லாசன் பெயராலேயே கெட்சல்கோட்லஸ் லாசோனி என்று பெயரிட்டார்கள். பெரியவருக்கு உருவம் கொடுத்தது இந்தச் சின்னவர்தான்.

அப்படியானால் 15.5 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது?

லாசனிடமிருந்தேதான். அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சின்னவர் இன்னும் சரியாகக் கைக்கு வரவில்லை. அதனால் அப்போது நன்றாகத் தெரிந்திருந்த வேறு டெரோசார்களின் விகிதங்களை எடுத்துக்கொண்டார். எந்த டெரோசாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து 11, 15.5, 21 மீட்டர் என்று மூன்று விடைகள் வந்தன. நடு எண்ணைத் தேர்ந்தெடுத்தார்.

சிக்கல் இங்கேதான். அஷ்டார்கிட் குடும்பத்துக்குக் கை எலும்புகள் நீளம், உள்ளங்கை எலும்பு ரொம்பவே நீளம், ஆனால் இறக்கை விரல் மற்ற டெரோசார்களோடு பார்த்தால் குட்டை. கடலுக்கு மேல் மிதந்து திரிந்த நீண்ட விரல் டெரோசாரின் விகிதத்தை இதற்குப் போட்டால், இல்லாத விரல் நீளம் சேர்ந்துவிடும். சின்னவரின் எலும்புகளை ஆராய்ந்த பிறகு, 1980-களின் தொடக்கத்திலேயே லாங்ஸ்டன் தரப்பு 11-12 மீட்டருக்கு இறங்கி வந்துவிட்டது. பழைய புத்தகங்கள் மட்டும் இறங்கவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா?

தாராளமாக. சின்னவரின் மேற்கை எலும்பு சுமார் 25 சென்டிமீட்டர், பெரியவருடையது 54.4. வகுத்தால் 2.18 மடங்கு. சின்னவரின் இறக்கை விரிவு 4.5 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பெரியவருக்கு 9.8 மீட்டர். சின்னவருக்கு 5.5 மீட்டர் என்று முன்பு கணித்திருந்தார்கள், அதைப் போட்டால் 12 மீட்டர். பாருங்கள், சின்னவர் விஷயத்தில் ஒரு மீட்டர் மாறினால் பெரியவர் விஷயத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் மாறிவிடுகிறது. பெரியவரின் எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளவோ குறையவோ இல்லை.

இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு அனுமானம், பெரியவர் சின்னவரின் அச்சு அசல் பெரிதாக்கிய நகல் என்பது. விலங்குகள் அப்படி வளர்வதில்லை. உடம்பு பெருக்கப் பெருக்கச் சில எலும்புகள் விகிதத்தை மீறித் தடிக்கும், சில பின்தங்கும். எலும்பின் தடிமனை வைத்து ஒப்பிட்டால் ஒரு விடை, நீளத்தை வைத்து ஒப்பிட்டால் வேறு விடை. அதனால்தான் பொறுப்பான ஆய்வுக் கட்டுரைகளில் ஒற்றை எண் இருக்காது, '10 முதல் 11' என்று ஒரு வரம்பு இருக்கும்.

ஒரு எலும்பை வைத்து முழுப் பிராணியையும் சொல்வது குத்துமதிப்பு வேலை இல்லையா?

குத்துமதிப்புதான், ஆனால் குருட்டுத்தனமானது இல்லை. 1870-ல் புதைபடிவ ஆய்வாளர் ஓத்னியல் மார்ஷ் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு விசித்திரமான எலும்புத் துண்டைக் கண்டெடுத்தார். அது டெரோசாரின் இறக்கை விரல் மூட்டு என்று புரிந்ததும், அதன் விகிதத்தை வைத்து இந்தப் பிராணிக்கு 20 அடி, அதாவது 6 மீட்டர் இறக்கை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். அன்றைக்கு அது நம்ப முடியாத எண். மறு வருடம் அதே பகுதிக்குத் திரும்பிப் போய்த் தேடியதில் மேலும் எலும்புகள் கிடைத்தன, கணக்கு சரியாகவே இருந்தது. அந்தப் பிராணிதான் டெரனோடான். இப்போது அதன் புதைபடிவங்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, அதன் அளவைப் பற்றி யாரும் அடித்துக்கொள்வதில்லை.

ஆக முறை நல்ல முறைதான். ஒப்பிட எடுக்கும் உறவினர் நெருங்கியவராக இருக்க வேண்டும், தாண்டும் தூரம் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஜோர்டானில் கிடைத்தது 13 மீட்டர் என்று படித்தேனே?

இது எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1940-களில் ஜோர்டானின் ருசைஃபா பகுதியில், பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கும் இடத்தில், ஒரு நீண்ட குழல் போன்ற எலும்பு கிடைத்தது. பிரெஞ்சு ஆய்வாளர் காமில் அராம்பூர் அதை இறக்கையின் உள்ளங்கை எலும்பு என்று நினைத்து 1950-களில் விவரித்தார். டைட்டனோப்டெரிக்ஸ் என்று ஒரு பெயரும் வைத்தார், அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு ஈக்குப் போயிருந்ததால் பிற்பாடு அராம்பூர்கியானியா என்று மாற்ற வேண்டி வந்தது. அது கை எலும்பே இல்லை, கழுத்து முள்ளெலும்பு என்று 1975-ல் சொன்னவர் நம்ம லாசன்.

ஒரே ஒரு கழுத்து முள்ளெலும்பு. உடைந்த நிலையில் 62 சென்டிமீட்டர், முழுசாக இருந்தால் 78 இருக்கும் என்று 1990-களில் எபர்ஹார்ட் ஃப்ரை, டேவிட் மார்ட்டில் இருவரும் கணித்தார்கள். கெட்சல்கோட்லஸ் நார்த்ரோப்பிக்கு அதே முள்ளெலும்பு 66 சென்டிமீட்டர் இருக்கும், 78-ஐ 66-ஆல் வகுத்தால் 1.18, கெட்சல்கோட்லஸின் விரிவை 1.18-ஆல் பெருக்கினால் 12-13 மீட்டர். முடிந்தது கணக்கு.

ஆனால் கெட்சல்கோட்லஸ் நார்த்ரோப்பியின் கழுத்தே கிடைக்கவில்லை என்று மேலே சொன்னேன், நினைவிருக்கிறதா? அந்த 66-ம் சின்னவரை வைத்துப் போட்ட ஊகம். 78 ஒரு ஊகம், 66 ஒரு ஊகம், 11 மீட்டரும் ஒரு ஊகம், மூன்றையும் பெருக்கி வகுத்ததுதான் 13. இதில் கண்ணால் பார்த்து அளந்தது 62 சென்டிமீட்டர் மட்டும்தான். கழுத்து நீளமாக இருந்தால் இறக்கையும் நீளமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; பிற்காலத்தில் வேறு சிலர் இதே எலும்பை வைத்து 7-8 மீட்டர் வரைகூட இறங்கினார்கள்.

ருமேனியாவின் ஹாட்செகோப்டெரிக்ஸ்?

இது எதிர்த் திசையில் புதிர். 2002-ல் பெயரிட்டார்கள். மண்டையோட்டின் பின்பகுதித் துண்டுகளும் ஒரு மேற்கை எலும்பின் உடைந்த பாதியும். மண்டை அவ்வளவு தடிமனாக இருந்ததால் முதலில் இரைகொல்லி டைனோசருடையது என்றே சந்தேகப்பட்டார்கள், தாடை மூட்டுப் பக்கம் அகலம் அரை மீட்டர். இதன் மண்டையோடு 3 மீட்டர் வரை நீளம், இறக்கை 12 மீட்டருக்கும் மேல் என்றெல்லாம் ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர்கள் மார்க் விட்டன், மைக்கேல் ஹபீப் இருவரும் அந்த மேற்கை எலும்பு மண்ணுக்குள் நசுங்கி உருமாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று காட்டி, கெட்சல்கோட்லஸ் அளவுக்கே இறக்கினார்கள். பிற்பாடு கிடைத்த ஒரு கழுத்து எலும்பு குட்டையாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கிறது. நீண்ட மெல்லிய கழுத்துள்ள உறவினரின் விகிதத்தை இந்தக் குண்டுக் கழுத்துக்காரருக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த நாளில் இது கிடைத்த ஹாட்செக் பகுதி ஒரு தீவு, அங்கே பெரிய இரைகொல்லி டைனோசர் இருந்ததற்குத் தடயம் இல்லை, அந்த இடத்தை இவரே பிடித்துக்கொண்டார் என்பது விட்டன், டேரன் நெய்ஷ் இருவரின் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

எடை எவ்வளவு?

இங்கேதான் உண்மையான அடிதடி. கெட்சல்கோட்லஸ் நார்த்ரோப்பி 70 கிலோ என்றவர்கள் உண்டு, 544 கிலோ என்றவரும் உண்டு. ஏழெட்டு மடங்கு வித்தியாசம்!

காரணம் எளிய கணிதம். நீளம் இரண்டு மடங்கானால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. அதனால் விரிவில் 10 சதவீதம் பிசகினால் எடையில் 33 சதவீதம் பிசகும். அதற்கு மேல், எலும்புக்குள் காற்று, உடம்புக்குள் காற்றுப்பைகள், இவற்றின் கொள்ளளவைப் புதைபடிவம் காட்டாது. உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிய மாதிரி கணினியில் வரைந்து கன அளவு கண்டு, அதை ஒரு அடர்த்தியால் பெருக்குவது ஒரு வழி. 544 என்ற எண் அப்படி 2010-ல் டொனால்ட் ஹெண்டர்சன் போட்டது, இவ்வளவு கனம் இருந்தால் இது பறந்திருக்காது என்றும் அவர் எழுதினார். பறவைகளில் எலும்புக்கூட்டின் எடைக்கும் மொத்த எடைக்கும் உள்ள உறவை வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. மேற்கை எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறியியல் கணக்குப் போடுவது மூன்றாவது வழி. இன்று பலரும் ஏற்பது 200 முதல் 250 கிலோ.

70 கிலோவை நான் நம்பவில்லை. ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நிற்கும் ஒரு பிராணி ஒரு நடுத்தர மனிதனின் எடையில் இருக்க வேண்டும் என்றால் உடம்பின் பெரும்பகுதி வெறும் காற்றாக இருக்க வேண்டும். 'லேசாக இருந்தால்தான் பறக்க முடியும்' என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற எடையைத் தேடியது போல இருக்கிறது.

250 கிலோவோடு எப்படித் தரையிலிருந்து எழும்பியது?

பறவை காலால் உந்தி எழும்புகிறது. பெரிய டெரோசாரைப் பறவை மாதிரி நினைத்துக்கொண்டு, மலை உச்சியிலிருந்து குதித்திருக்கும், காற்றுக்கு எதிரே ஓடியிருக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால் டெரோசார்கள் நான்கு காலில் நடந்தவை, காலடித் தடங்கள் சாட்சி. 2008-ல் ஹபீப் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: இவற்றின் கை எலும்பு தொடை எலும்பைவிடப் பல மடங்கு வலுவானது. எனவே முன்கைகளாலேயே தரையை ஓங்கி உதைத்து, உடம்பு மேலே எழும்பிய அந்த வேகத்திலேயே இறக்கையை விரித்திருக்கும். பறப்பதற்கு வைத்திருக்கும் மாபெரும் மார்புத் தசையே எழும்பவும் உதவிவிடுகிறது. இந்த விளக்கம் வந்த பிறகு '250 கிலோ பறக்காது' என்ற வாதம் பெருமளவு அடங்கிவிட்டது.

எழும்பிய பிறகு எவ்வளவு தூரம் போனது என்பது வேறு விஷயம். கண்டம் விட்டுக் கண்டம் போகும் என்கிறார்கள் சிலர். 2022-ல் வெளிவந்த ஜப்பானியக் குழுவின் கணக்கோ, கெட்சல்கோட்லஸுக்கு வெப்பக் காற்றில் வட்டமிட்டு மிதப்பதே சரிவராது, பெரும்பாலும் தரையில் திரிந்திருக்கும் என்கிறது. அந்தக் கணக்கும் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையை நம்பித்தான் நிற்கிறது, எடை மாறினால் முடிவும் அசையும்.

யாராவது செய்து பறக்கவிட்டுப் பார்த்தார்களா?

பால் மக்ரெடி என்ற அமெரிக்கப் பொறியாளர், மனித சக்தியில் ஓடும் விமானம் செய்து புகழ்பெற்றவர், 1980-களில் பாதி அளவில், 18 அடி விரிவில், இறக்கை அடிக்கும் ஒரு கெட்சல்கோட்லஸ் செய்தார். பாலைவனத்தில் நன்றாகவே பறந்தது. 1986 மே மாதம் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் மக்கள் கூட்டத்துக்கு முன்னால் காட்டியபோது கீழே விழுந்து நொறுங்கியது. அதை வைத்து உண்மைப் பிராணியால் பறக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது, பாதி அளவு என்றால் எடை எட்டில் ஒரு பங்கு என்பதால் முடியும் என்றும் சொல்லிவிட முடியாது.

அவ்வளவு நீளமான மெல்லிய கழுத்து ஒடிந்துவிடாதா?

மொராக்கோவில் கிடைத்த ஒரு அஷ்டார்கிட் கழுத்து எலும்பை ஊடுகதிர்ப் படமெடுத்து 2021-ல் வெளியிட்டார்கள். வெளிச்சுவர் காகிதம் மாதிரி மெலிசு. உள்ளே, நரம்பு போகும் குழல் நடுவில் தனியாக நிற்கிறது, அதிலிருந்து வெளிச்சுவர் வரைக்கும் சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலவே மெல்லிய எலும்புக் கம்பிகள் ஓடுகின்றன, அதுவும் சுருள் வரிசையில். இப்படி 50 கம்பி இருந்தாலே எலும்பு வளைந்து ஒடியாமல் தாங்கும் பாரம் 90 சதவீதம் கூடுகிறதாம். இந்த மெலிசுதான் அளவு கணக்குக்கு எமனும்கூட: இப்படிப்பட்ட எலும்பு பாறைக்கு அடியில் அப்பளமாக நசுங்கிப்போகும், அகலத்தை அளந்தால் ஏமாந்துபோவோம்.

மற்ற போட்டியாளர்கள்?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த கிரையோடிரேகான் (2019) 10 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம். அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் கிடைத்த தனடோஸ்டிரேகான் (2022) 9 மீட்டர். அஷ்டார்கிட் அல்லாதவர்களில் பிரேசிலின் ட்ரோபியோக்னாதஸ் 8 மீட்டருக்கு மேல். ஒப்பிடுவதற்கு, இன்றைய பறவைகளில் அதிக விரிவுள்ள ஆல்பட்ராஸ் 3.5 மீட்டர். அழிந்துபோன பறவையான பெலகோர்னிஸ் சாண்டர்சி 6-7 மீட்டர்.

அருங்காட்சியகத்தில் முழு எலும்புக்கூடு தொங்குகிறதே, அது என்ன?

வார்ப்பு. சின்னவரின் எலும்புகளைப் பெரிதாக்கிச் செதுக்கியது. ஏமாற்று இல்லை, ஆனால் அதை அளந்துவிட்டு வந்து 'நானே பார்த்தேன்' என்று வாதாட வேண்டாம்.

இனி இதைவிடப் பெரியது கிடைக்குமா?

கிடைக்கலாம். நமக்குக் கிடைத்த ஒன்றிரண்டு எலும்புக்காரர்கள்தான் அந்த இனத்திலேயே ஆகப் பெரியவர்கள் என்று நம்பக் காரணம் இல்லை. ஆனால் அதைவிட உபயோகமானது ஏற்கெனவே நடந்துவிட்டது. அராம்பூர்கியானியாவுக்குக் கழுத்து மட்டும்தான் என்று இருந்த நிலையில், அதனுடையது என்று அடையாளம் காணப்பட்ட கை எலும்புகளை ஜோர்டானிலிருந்தே 2024-ல் வெளியிட்டார்கள். நசுங்காமல், உள்கட்டமைப்பு தெரியும் நிலையில். கழுத்தை வைத்து 7 என்றும் 13 என்றும் ஆடிக்கொண்டிருந்த எண் இப்போது 10 மீட்டர் பக்கம் நிற்கிறது. அந்தக் கை எலும்புக்குள் சுருளாக ஓடும் வரம்புகள் இருக்கின்றன, கழுகு போல மிதந்து பறக்கும் பறவைகளின் எலும்பில் இருப்பது போல. அதே கட்டுரையில் விவரித்த 5 மீட்டர் அளவிலான இனாப்டானின் என்ற இன்னொரு டெரோசாரின் எலும்புக்குள் குறுக்குக் கம்பிகள், அது இறக்கை அடித்துப் பறந்திருக்கும் என்கிறார்கள்.